கூரைக்குள் குடியேறும் மரநாய்கள்: கொல்லாமல் வெளியேற்றுவது எவ்வாறு?

நள்ளிரவு கடந்த வேளையில் வீட்டின் சீலிங்கிற்கு மேலே யாரோ நடமாடுவது போன்ற ஓசை கேட்பதும், விடிந்த பின்னர் சீலிங் பலகையில் மஞ்சள் நிறக் கறை படர்ந்திருப்பதும் இன்று கொழும்பு, தெஹிவளை, கண்டி, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என நாட்டின் பல நகரங்களிலும் வீட்டுக்காரர்கள் கூறும் முறைப்பாடுகளாக உள்ளன. ஓடுகள் விலகுவதால் மழைநீர் உட்புகுகின்றது. துர்நாற்றம் வீசுகின்றது. உறக்கம் கெடுகின்றது. இவற்றுக்கெல்லாம் காரணமான பிராணி பெரும்பாலும் மரநாயே என்பது பலருக்குத் தெரிந்திருந்தாலும், அதனை எவ்வாறு வெளியேற்றுவது என்பது தொடர்பில் எம்மிடையே தெளிவு இருப்பதாகத் தெரியவில்லை. இதன் விளைவாக நஞ்சு வைப்பதும், சுருக்குக் கம்பி கட்டுவதும், மின்சாரக் கம்பி இழுப்பதும் இலகுவான தீர்வுகளாகக் கருதப்படுகின்றன. இவை மரநாய்க்கு மாத்திரமன்றி மனிதருக்கும் ஆபத்தானவை என்பதையும், இவற்றைவிடச் செலவு குறைந்த, நிலையான வழியொன்று உண்டு என்பதையும் இங்கு விளக்க விரும்புகின்றோம்.

கூரையில் எழும் ஓசை எமது மக்களுக்கு வெறும் தொல்லையாக மாத்திரம் இருந்ததில்லை. யுத்த காலத்தில் இரவில் வீட்டைச் சுற்றிக் கேட்கும் சிறு சத்தமும் எத்தகைய பீதியைத் தந்தது என்பதை வடக்கு, கிழக்கு மக்கள் அறிவர். 2011 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ‘கிறீஸ் பூதம்’ பற்றிய அச்சம் கிழக்கிலும் மலையகத்திலும் புத்தளத்திலும் பரவியபோது, தமிழ், முஸ்லிம் கிராமங்களில் மக்கள் உறங்காது விழித்திருந்தனர். அத்தகைய அனுபவங்களைக் கொண்ட சமூகங்களில், தலைக்கு மேல் நடமாடுவது எதுவென்று அறிந்துகொள்வதே மன அமைதிக்கான முதற்படி எனலாம்.

மரநாய் என்பது எது?

பெயரில் நாய் இருந்தாலும் இது நாயினத்தைச் சேர்ந்ததன்று. பூனை போன்று தோன்றினாலும் பூனையினத்தைச் சேர்ந்ததுமன்று. புனுகுப் பூனைகளின் குடும்பத்தைச் சேர்ந்த இப்பிராணியைச் சிங்கள மக்கள் ‘உகுடுவா’ என்றும், பொதுவழக்கில் ‘கலவெத்தா’ என்றும் அழைப்பர். வளர்ந்த மரநாயொன்று 2 முதல் 5 கிலோகிராம் வரை நிறையுடையதாக இருக்கும். சாம்பல் கலந்த கறுப்பு உரோமம், முகத்தில் கருமையான பட்டை, உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய நிகரான நீண்ட வால் என்பன இதன் அடையாளங்களாகும். இலங்கையில் இதைவிடப் பொன்னிற மரநாய் என்னும் இனமும் உண்டு. அது உலகில் வேறெங்கும் காணப்படாத, எமது நாட்டிற்கே உரிய பிராணியாகும். தரையில் வாழும் சிறிய புனுகுப் பூனை மூன்றாவது வகையாகும். ஆலயங்களிலும் அத்தர் வகைகளிலும் வாசனைப் பொருளாகப் பயன்பட்ட புனுகு பெறப்பட்டது இவ்வினப் பிராணிகளிடமிருந்தேயாகும். அரபு மொழியில் ‘ஸபாத்’ எனப்பட்ட அச்சொல்லிலிருந்தே ஐரோப்பிய மொழிகளில் இவற்றுக்குரிய பெயர் தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

மரநாய் இரவில் மாத்திரம் நடமாடும் பிராணி. பகல் முழுவதும் இருளான, உயரமான, ஆளரவமற்ற இடமொன்றில் உறங்கும். மாம்பழம், வாழைப்பழம், பப்பாசி, ரம்புட்டான், பனம்பழம், கித்துள் பழம் முதலான பழங்களே இதன் பிரதான உணவாகும். அவற்றோடு எலி, பல்லி, பூச்சி, நத்தை என்பவற்றையும் உண்ணும். பனையிலும் தென்னையிலும் கட்டப்பட்டிருக்கும் முட்டிகளில் வடியும் கள்ளை அருந்தும் பழக்கமும் இதற்குண்டு. ஆங்கிலேயர் இதனைக் ‘கள்ளுப் பூனை’ என்று அழைத்தமைக்குக் காரணம் அதுவேயாகும். அடைப்புச் சரியில்லாத கோழிக்கூட்டில் இது கைவைப்பதும் உண்மையே.

ஆயினும் இதனால் கிடைக்கும் நன்மைகளையும் மறந்துவிடலாகாது. உண்ட பழங்களின் விதைகள் சேதமின்றி எச்சத்துடன் வெளியேறுவதால், மரங்கள் பரவுவதற்கு இப்பிராணி பெரிதும் உதவுகின்றது. இந்தோனேசியாவில் பெரும் விலைக்கு விற்கப்படும் ‘லுவாக்’ கோப்பி, மரநாய் உண்டு வெளியேற்றிய கோப்பி விதைகளிலிருந்தே தயாரிக்கப்படுகின்றது. அனைத்துக்கும் மேலாக, இது எலிகளைத் தின்னும் பிராணியாகும். 2008 ஆம் ஆண்டில் எமது நாட்டில் எலிக்காய்ச்சல் 7,000 இற்கும் மேற்பட்டோரைப் பீடித்து, 200 இற்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்ததை நினைவிற் கொண்டால், எலியைக் கட்டுப்படுத்தும் எந்தப் பிராணியையும் இலகுவில் பகைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

வீட்டை நாடி வருவது ஏன்?

இயற்கையில் மரநாயின் உறைவிடம் முதிர்ந்த மரங்களின் பொந்துகளாகும். நகரங்களில் அத்தகைய மரங்கள் வெட்டப்பட்டு வீடுகளும் தொடர்மாடிகளும் எழுந்துள்ளன. பொந்தை இழந்த பிராணிக்கு, ஓட்டுக்கும் சீலிங்கிற்கும் இடைப்பட்ட வெளி அதேயளவு இருளும் வெப்பமும் பாதுகாப்பும் கொண்ட மற்றொரு பொந்தாகத் தென்படுகின்றது. சுவரோடு உராயும் மாமரக் கிளையும், வீதிக்குக் குறுக்கே செல்லும் தொலைபேசிக் கம்பியும், மதிலும் அதற்குப் பாதைகளாகின்றன. முற்றத்தில் உதிர்ந்து கிடக்கும் பழங்களும், மூடியற்ற குப்பை வாளியும், வளவில் பெருகிய எலிகளும் உணவாகின்றன.

கொழும்பு நகரம் அதன் சதுப்பு நிலங்களுக்காக 2018 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அச்சதுப்பு நிலங்களை அண்டி மீன்பிடிப் பூனை முதலான அரிய பிராணிகளும் வாழ்கின்றன. ஆகவே தலைநகரின் மத்தியில் வனவிலங்கு காணப்படுவது அபூர்வமானதொன்றன்று. அவற்றின் இடத்தில் நாம் குடியேறிய பின்னர், எமது வீட்டில் அவை குடியேற முயல்கின்றன என்பதே யதார்த்தமாகும்.

இப்பிரச்சினை எமக்கு மாத்திரம் உரியதன்று. கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் எமது உறவினர்களைக் கேட்டால், அங்கு ரக்கூன் என்னும் பிராணி வீட்டின் கூரைத் தகடுகளைப் பெயர்த்து உள்ளே குடிபுகுவதைப் பற்றிக் கதைகதையாகக் கூறுவர். குப்பைத் தொட்டிகளை ரக்கூன்கள் திறந்துவிடுவதால், 2016 ஆம் ஆண்டில் அந்நகர நிர்வாகம் விசேட பூட்டுடன் கூடிய தொட்டிகளை வீடுவீடாக வழங்கத் தொடங்கியது. ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டப்படி, பிடிக்கப்பட்ட ரக்கூனைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டு சென்று விடுவதற்கு அனுமதியில்லை. நோய் பரவுதலும், அறிமுகமற்ற இடத்தில் விடப்படும் பிராணி உயிர்தப்ப இயலாமையுமே இதற்குக் காரணங்களாகும். இதனால் அங்குள்ளோர் கூண்டு வைத்துப் பிடிப்பதை விடுத்து, பிராணியைத் தானாகவே வெளியேறச் செய்து, பின்னர் துவாரத்தை அடைக்கும் முறையைக் கைக்கொள்கின்றனர். அம்முறை எமது மரநாய்க்கும் பொருந்தும்.

செய்யக் கூடாதவை

முதலாவது, நஞ்சு வைத்தல். நஞ்சுண்ட மரநாய் உடனே வீழ்ந்து இறப்பதில்லை. அது தான் பாதுகாப்பெனக் கருதும் இடத்தை, அதாவது எமது சீலிங்கையே நாடிச் சென்று அங்கு மடியும். அதன் பின்னர் எழும் நாற்றத்தையும் புழுக்களையும் நீக்குவதற்குக் கூரையையே கழற்ற வேண்டியேற்படலாம். அந்த நஞ்சை அயலவரின் பூனையோ, நாயோ, தெருவில் விளையாடும் குழந்தையோ தொடக்கூடும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மடியும்.

இரண்டாவது, மின்சாரக் கம்பி. விலங்குகளுக்கென இழுக்கப்பட்ட சட்டவிரோத மின்கம்பியில் சிக்கி மனிதர் மாண்ட செய்திகளை நாம் அடிக்கடி பிரசுரிக்க நேர்கின்றது. அவ்வாறு மாண்டோரில் கம்பியை இழுத்தவர்களும் அடங்குவர். வீட்டுக் கூரையில் இதனைச் செய்வது குடும்பத்தையே பலியிடுவதற்கு ஒப்பானதாகும்.

மூன்றாவது, கூண்டில் பிடித்துத் தொலைவில் விடுதல். இது கருணை மிக்க வழியாகத் தோன்றினும் பயன் குறைந்ததாகும். துவாரம் திறந்திருக்கும் வரை வெற்றிடத்தை மற்றொரு மரநாய் நிரப்பும். பிடிபட்டது தாயாக இருந்தால், கூரைக்குள் எஞ்சிய குட்டிகள் பட்டினியால் இறக்கும். அத்துடன் வனவிலங்குகளைப் பிடிப்பது, கொண்டு செல்வது, கொல்வது என்பன 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துடன் தொடர்புபட்ட விடயங்களாகும். ஆகையால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆலோசனையின்றிக் கூண்டு வைப்பது முறையன்று. பிடித்து அடைக்கப்பட்ட பிராணியைத் துன்புறுத்துவது 1907 ஆம் ஆண்டின் மிருக வதைச் சட்டத்தின் கீழும் குற்றமாகும்.

நான்காவது, நப்தலின் உருண்டைகளைச் சீலிங்கிற்குள் கொட்டுதல். அவற்றின் வாயு கீழே அறைகளுக்குள் இறங்கும். குறிப்பாக, குருதியில் ஜி6பிடி எனப்படும் நொதியக் குறைபாடுள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு அது செங்குருதிக் கலங்கள் அழிவதற்கும் கடும் மஞ்சள் காமாலைக்கும் காரணமாகலாம். மிளகாய்ப் புகை போடுவதும், துணியைக் கொளுத்துவதும் தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

ஐந்தாவது, மரநாய் உள்ளே உறங்கும் பகல் வேளையில் துவாரத்தை அடைத்தல். இதுவே பலரும் இழைக்கும் பெருந்தவறு. உள்ளே சிக்குண்ட பிராணி சீலிங்கை உடைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் விழலாம். அல்லது பசியாலும் தாகத்தாலும் அங்கேயே மடியலாம். பூனையொன்றை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதாகவும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதாகவும் நபிமொழிகளில் வருவதை முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். கொல்லாமையை அறத்துள் தலையாயதாக வைத்தது தமிழ் மரபு. தொல்லை தரும் பிராணியை வெளியேற்ற எமக்கு உரிமையுண்டு. அதனைச் சித்திரவதை செய்வதற்கு எந்த மார்க்கமும் இடமளிக்கவில்லை.

செய்ய வேண்டியவை

முதற்கண், உள்ளே இருப்பது எது என்பதை உறுதிசெய்தல் வேண்டும். இரவில் விறுவிறு என்று சிறு கால்கள் ஓடும் ஓசையும் பிறாண்டும் ஓசையும் எலிக்குரியவை. பகலில் ஓடுவது அணில். மாலையில் கூரை விளிம்பிலிருந்து கூட்டமாகப் பறந்து செல்பவை வௌவால்கள். இரவு தொடங்கிய பின்னரும் விடியலுக்குச் சற்று முன்னரும் கனத்த, நிதானமான காலடி ஓசை கேட்குமாயின் அது மரநாயாக இருத்தல் கூடும். அதன் எச்சத்தில் பழ விதைகள் நிறைந்திருக்கும். பெரும்பாலும் ஒரே இடத்திலேயே எச்சமிடும். அதன் உடலிலிருந்து வெளிப்படும் மணத்தை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ரம்பை இலையின் மணத்துக்கு ஒப்பிடுவர். கறிக்கு ரம்பை தாளிக்காத நேரத்தில் கூரையில் அம்மணம் வீசினால் ஐயுறலாம். சீலிங்கில் செல்லும் மின் வயர்களைக் கடித்துச் சேதப்படுத்துவது பெரும்பாலும் எலிகளே. அப்பழியை மரநாயின் மீது சுமத்துதல் தகாது.

அடுத்ததாக, நுழைவழிகளைக் கண்டறிதல் வேண்டும். முகட்டு ஓடுகளின் சாந்து உதிர்ந்த இடங்கள், விலகிய ஓடுகள், சுவரும் கைமரமும் சந்திக்கும் இடைவெளிகள், உக்கிய வாரிப்பலகைகள், வலையற்ற காற்றுத் துவாரங்கள், பீலிக்குழாய் ஏறிச் செல்லும் மூலைகள் என்பவற்றைப் பகலில் வெளியே நின்று பார்வையிட வேண்டும். தேய்ந்து அழுக்கேறிய விளிம்பும், சுவரில் கால்தடமும், உரோமமும் வழியைக் காட்டிக் கொடுக்கும். ஐயம் இருப்பின், பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டித் துவாரத்தில் மெதுவாகச் செருகிவிட்டு இரண்டு மூன்று இரவுகள் அவதானிக்கலாம். தாள் தள்ளப்பட்டிருந்தால் அவ்வழி பாவனையில் உள்ளது. அசையாதிருந்தால் பெரும்பாலும் பாவனையில் இல்லை.

மூன்றாவதாக, குட்டிகள் உள்ளனவா என்பதை அறிதல் வேண்டும். இதுவே முழு முயற்சியினதும் இதயமாகும். மரநாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள். ஒரு தடவையில் 2 முதல் 5 வரையான குட்டிகள் பிறக்கும். அவை தாய்ப்பாலை விட்டுத் தாயுடன் வெளியே செல்வதற்கு மேலும் இரண்டு மாதங்களளவில் ஆகும். எமது நாட்டில் வருடத்தின் எந்தக் காலத்திலும் குட்டிகள் இருக்கக்கூடும். தாய் வெளியே சென்ற இரவு வேளையில் மெல்லிய முனகலோ கீச்சொலியோ கேட்குமாயின் வேலையைத் தள்ளிப்போடுவதே நன்று. குட்டிகளைப் பிரிந்த தாய், அவற்றை அடைவதற்காக ஓடுகளையும் பலகைகளையும் பெயர்த்தெறியும். சில வாரங்கள் பொறுத்திருந்தால் குடும்பம் முழுவதுமாக வெளியேற வாய்ப்புண்டு. பொறுக்க இயலாதெனின், சீலிங்கின் திறப்பினூடாகப் பகலில் ஒளி பாய்ச்சுவதும், கீழறையில் வானொலியை ஒலிக்க விடுவதும் தாய்க்கு அவ்விடத்தை விரும்பத்தகாததாக்கும். அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கௌவி வேறிடம் சேர்க்கக்கூடும். தனித்து விழுந்த குட்டியைக் கண்டால் வெறுங்கையால் தொடாது, தடித்த துணியால் எடுத்து, சிறு பெட்டியில் இட்டு, விழுந்த இடத்துக்கு அருகே பூனை, நாய் எட்டாதவாறு அந்தி வேளையில் வைத்துவிடுதல் வேண்டும். தாய் தேடி வரும்.

நான்காவதாக, ஒருவழிக் கதவு. குட்டிகள் இல்லை என்பது உறுதியான பின்னர், பிரதான துவாரத்தைத் தவிர்ந்த ஏனைய அனைத்தையும் அடைத்துவிட வேண்டும். பிரதான துவாரத்தின் வெளிப்புறத்தில், அதனைவிடச் சற்றுப் பெரிதான வழவழப்பான தகரத் துண்டொன்றை மேல் விளிம்பில் பிணைச்சல் கொண்டு தொங்கவிட வேண்டும். உள்ளிருந்து தள்ளினால் அது வெளிப்புறமாகத் திறக்கும். பிராணி வெளியேறியதும் தன் பாரத்தினால் மீண்டும் மூடிக்கொள்ளும். தகரத்தின் ஓரங்கள் துவாரத்தின் சட்டத்துக்கு மேலாகப் படிந்திருந்தால், வெளியிலிருந்து நகத்தால் இழுப்பதற்குப் பிடி கிடைக்காது. எந்தவொரு தச்சுத் தொழிலாளியும் அரை நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலையே இது. நான்கைந்து இரவுகள் அவ்வாறே விட்டு, ஓசை முற்றாக நின்றுவிட்டதையும், உட்புறத்தில் செருகிய பத்திரிகைத் தாள் அசையாதிருப்பதையும் உறுதிசெய்த பின்னரே கதவை அகற்றித் துவாரத்தை நிரந்தரமாக அடைக்க வேண்டும்.

ஐந்தாவதாக, அடைப்பு உறுதியானதாக இருத்தல் அவசியமாகும். முகட்டு ஓடுகளுக்குச் சீமெந்துச் சாந்தும், காற்றுத் துவாரங்களுக்கு நாகமுலாமிட்ட கம்பி வலையும் பொருத்தமானவை. வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேற்படாதிருந்தால் மரநாய் மாத்திரமன்றி வளர்ந்த எலியும் தடுக்கப்படும். பிளாஸ்டிக் வலையும் மட்டைத் துண்டும் பயனற்றவை. கூரையைத் தொடும் கிளைகளை இரண்டு மூன்று மீற்றர் தூரத்துக்கு வெட்டிவிடுதல் நன்று. மரத்தையே தறிக்க வேண்டியதில்லை. மதிலைத் தாண்டி வரும் அயலவரின் கிளையாயின், கத்தியை எடுப்பதற்கு முன்னர் ஒரு வார்த்தை பேசிக்கொள்வது உறவையும் காக்கும்.

ஆறாவதாக, உணவைக் குறைத்தல். குப்பை வாளிக்கு இறுக்கமான மூடி, உதிர்ந்த பழங்களை அந்திக்கு முன்னர் கூட்டி அள்ளுதல், பூனைக்கு வைத்த சோற்றை இரவில் வெளியே விடாதிருத்தல், கோழிக்கூட்டுக்கு உறுதியான வலை என்பனவே போதுமானவை. குர்பான், கந்தூரி, அன்னதானம் போன்ற நிகழ்வுகளின் பின்னர் கழிவுகளை அன்றே அகற்றிவிடுவது பள்ளிவாசல்களையும் ஆலயங்களையும் அண்டிய பகுதிகளில் எலி, நாய், மரநாய் யாவற்றையும் ஒருங்கே கட்டுப்படுத்தும்.

அஸ்பெஸ்டஸ் கூரை: விசேட அவதானம்

எமது நாட்டில் பெருமளவிலான வீடுகளின் கூரைகள் அஸ்பெஸ்டஸ் தகடுகளால் ஆனவை. நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987 ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. எஞ்சிய வெள்ளை அஸ்பெஸ்டஸின் இறக்குமதியை 2018 ஆம் ஆண்டு முதல் கட்டுப்படுத்தி, 2024 ஆம் ஆண்டளவில் முற்றாக நிறுத்துவதற்கு அரசாங்கம் திட்டமிட்டிருந்தது. ஆனால் 2017 டிசம்பரில், எமது தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதாகக் கூறி அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா தேயிலை இறக்குமதியை இடைநிறுத்தியதை அடுத்து, அக்கட்டுப்பாடு கைவிடப்பட்டது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடாகும்.

சேதமுறாத தகட்டினால் ஏற்படும் ஆபத்து குறைவு. அதனை உடைக்கும்போதும், துளையிடும்போதும், அறுக்கும்போதும், உலர்ந்த நிலையில் தேய்க்கும்போதும் நுண்ணிய நார்கள் காற்றில் கலந்து நுரையீரலைச் சென்றடைகின்றன. எனவே மரநாயை விரட்டும் நோக்கில் தகடுகளைத் தடியால் அடிப்பதும், ஆணி அறைவதும், அவற்றின் மீது ஏறி நடப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். தகடு உடைந்து கீழே விழுந்து முள்ளந்தண்டு முறிந்தோர் எமது வைத்தியசாலைகளுக்குப் புதியவர்கள் அல்லர். இத்தகைய கூரைகளில் அடைப்பு வேலையைப் பலகைச் சட்டங்களிலும் சுவர்களிலும் செய்வதே உசிதமானது.

சுகாதாரமும் சிகிச்சையும்

பிராணி வெளியேறிய பின்னர் அதன் எச்சத்தை அப்படியே விட்டுவிடலாகாது. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கிருமிநாசினி கலந்த நீரைத் தெளித்து ஈரமாக்கி, அதன் பின்னரே அள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் விளக்குமாற்றால் கூட்டினால் தூசு சுவாசத்துடன் உட்செல்லும். தெள்ளும் உண்ணியும் எஞ்சியிருக்கலாம் என்பதால் அவ்விடத்தில் சேமித்த பழைய துணிகளையும் அப்புறப்படுத்துதல் நன்று.

விசர்நோய் இலங்கையில் பெரும்பாலும் நாய்களாலேயே பரவுகின்றது. ஆயினும் பாலூட்டும் பிராணி எதுவும் அந்நோயைக் காவலாம். பகலில் தடுமாறித் திரியும், மனிதரைக் கண்டு அஞ்சாது நெருங்கும் மரநாயிடமிருந்து விலகி நிற்க வேண்டும். கடித்தாலோ நகத்தால் கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலையை நாட வேண்டும். நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிரைக் காப்பது ஏறக்குறைய இயலாத காரியமாகும்.

2003 ஆம் ஆண்டின் சார்ஸ் நோயுடன் இப்பிராணியைத் தொடர்புபடுத்தி அஞ்சுவோரும் உளர். சீனாவின் குவாங்டொங் மாகாணச் சந்தைகளில் இறைச்சிக்காக விற்கப்பட்ட முகமூடி மரநாய்களில் அவ்வைரஸ் காணப்பட்டது உண்மையே. 2004 ஜனவரியில் அங்கு ஆயிரக்கணக்கான மரநாய்கள் கொல்லப்பட்டன. ஆனால் அது வேறோர் இனம். இலங்கையில் அது இல்லை. அவ்வைரஸின் மூலம் வௌவால்களே எனப் பின்னைய ஆய்வுகள் காட்டின. கூண்டுகளில் நெருக்கி அடைத்து விற்றமையே நோய் பரவுவதற்கு வழிசமைத்தது.

பொறுப்பு யாருடையது?

வாடகை வீடுகளில் வாழ்வோர் இவ்விடயத்தில் பெரும் சிரமத்துக்குள்ளாகின்றனர். கூரையைத் திருத்துவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பென வாடகைக்கு இருப்பவரும், குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டுமென உரிமையாளரும் கூறிக்கொண்டிருக்க, இறுதியில் நஞ்சுப் பொதியே மலிவான தீர்வாகத் தெரிவுசெய்யப்படுகின்றது. ஒரு தகரத் துண்டும், சிறிதளவு கம்பி வலையும், ஒரு நாட்கூலியும் சேர்ந்தாலும், நஞ்சுண்டு மடிந்த பிராணியை அகற்றுவதற்காகச் சீலிங்கைக் கழற்றிப் பூட்டும் செலவை விட அது குறைவாகவே இருக்கும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னர் கூரையைப் பார்வையிடும் பழைய வழக்கத்தை உரிமையாளர்கள் மீண்டும் கைக்கொள்வது அவர்களது சொத்துக்கே பாதுகாப்பாகும்.

மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் குப்பை அகற்றலை ஒழுங்காகச் செய்தாலே பிரச்சினையின் பாதி தீர்ந்துவிடும். வீட்டுக்கு வீடு செல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், நுளம்புப் பெருக்கத்தைப் பரிசோதிப்பதோடு இத்தகைய அறிவுறுத்தல்களையும் வழங்கலாம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் தமிழ் மொழியில் எளிய துண்டுப்பிரசுரமொன்றை வெளியிட்டு, யாரை அழைப்பது, எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பவற்றைத் தெளிவுபடுத்துமாயின் அது பெரும் பயனளிக்கும். யானை, சிறுத்தை போன்ற பெரிய விலங்குகளின் மீது செலுத்தப்படும் கவனத்தில் சிறு பங்காவது, நகரவாசிகள் நாளாந்தம் எதிர்கொள்ளும் சிறு பிராணிகளின் மீதும் திரும்புதல் வேண்டும்.

மரநாயை விரும்புமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. அது எமது வீட்டுக்குள் வாழ வேண்டியதில்லை என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் வாசலைத் திறந்து வைத்துவிட்டு வந்தவரைக் கொல்வதைக் காட்டிலும், வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு வாசலை மூடுவதே நிலையான தீர்வாகும். அதற்குத் தேவையானவை சில நாட்களின் பொறுமையும், பழுதடைந்த கூரையைச் செப்பனிடும் மனமுமேயாகும்.